நிரோசினியின் முழங்கால் நோவு

விளையாட்டுக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராவதற்கு ஒரேயொரு தகுதி போதும்: ஆசிரியர் கூட்டத்தில் 'என்னால் இயலாது' என்று சொல்லச் சற்றே தாமதிக்க வேண்டும். அதிபருக்கு முன்னால் தலையசைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே தலையில் கைவைத்த ஆசிரியப் பெருமக்களே, நானும் உங்களுள் ஒருத்தி. தமிழ் கற்பிக்கச் சென்ற என்னிடம் பெண்கள் கூடைப்பந்தாட்டக் குழுவை ஒப்படைத்தார்கள். அதனால் நான் அடைந்த அதிர்ச்சிகளை உங்களிடமே முறையிடுகிறேன். வேறு யாருக்கு இவை விளங்கும்?

நியமனம்

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த ஆண்டு அது. எங்கள் பாடசாலை சில மாதங்கள் அகதி முகாமாக இருந்தது. சனங்கள் போன பிறகும், அவர்கள் அடுப்பு மூட்டிய கரிவட்டங்கள் கூடைப்பந்துத் தளத்தின் சீமெந்தில் அழியாமல் கிடந்தன. நான் விதிப் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கி, இரண்டே நாட்களில் படித்து, அதிலிருந்த எழுத்துப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் திருத்தினேன். விளையாட்டு மட்டும் விளங்கவில்லை.

ஆயினும் ஒன்று விளங்கியது. கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து வரும் நிரோசினி என்ற பதினாறு வயதுப் பிள்ளை, தொலைவிலிருந்த ஒரு கரிவட்டத்தில் நின்று பந்தை எறிவாள். அது வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கும். பத்து முறை எறிந்தால் எட்டு முறை அப்படித்தான். இத்தகைய பிள்ளை உள்ள குழுவுக்கு என்னைப் போன்ற ஒருத்தி எதற்கு என்று அதிபரிடம் கேட்டேன். அவர் கோப்பிலிருந்து தலையை உயர்த்தாமல் சொன்னார்: "விளையாட்டுத் தெரிஞ்ச ரெண்டு டீச்சர்மாரும் ஆளோட ஆள் கதைக்கிறதில்ல. உங்களுக்கு ஒண்டுமே தெரியா. அதான் நல்லம்."

இரண்டு பக்கக் கடிதம்

முதற்போட்டியில் நிரோசினி, மாற்று ஆட்டக்காரிகள் உட்காரும் வாங்கிலேயே இருந்தாள். இரண்டாவது போட்டியிலும் இருந்தாள். மூன்றாவதிலும் அவள் செய்த ஒரே வேலை, மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டியதுதான். நாங்கள் மூன்றிலும் தோற்றோம். மதிலுக்கு வெளியே ஓட்டோவின் மேல் ஏறி நின்று பார்த்தவர்கள், "அந்த நெடுவல் பிள்ளையை இறக்கு மாஸ்டர்! வாங்கைக் காக்கவா வந்தவ?" என்று கத்தினார்கள்.

பயிற்றுநர் ஜெயசீலன் மாஸ்டர் அசையவில்லை. நிரோசினியின் இடத்தில் ஆடியவள் அவருடைய தமக்கையின் மகள். இதைவிடச் சான்று வேண்டுமா? ஆசிரியர் அறை இரண்டாகப் பிரிந்தது. 'சொந்தக்காரப் பிள்ளைக்கு இடம் கொடுக்கிறார்' என்றது ஒரு பாதி, 'பயிற்றுநருக்குத் தெரியாததா?' என்றது மறுபாதி. நான் முதற்பாதிக்குத் தலைமை தாங்கினேன். திறமை புறக்கணிக்கப்படுவதைக் கண்டித்து, உரிய நிறுத்தக்குறிகளுடன் அதிபருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, அதன் பிரதியை மாஸ்டரிடமும் கொடுத்தேன். அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்து, மடித்துத் திருப்பித் தந்தார்: "கடிதம் நல்லாயிருக்கு டீச்சர். ஒரு பிழையும் இல்ல. விசயந்தான் பிழை."

விதி என்றால் விதி

நான்காவது போட்டியில் எங்களுக்கு இரண்டு புள்ளிகளே குறைவு. அந்த நேரத்தில் ஒருத்தி கணுக்கால் பிசகி விழுந்தாள். மாஸ்டர் வேறொரு பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தார். நான் எழுந்தேன். "நிரோசினி இறங்கட்டும். இல்லையேல் இந்தக் குழுவின் பட்டியலில் என் கையொப்பம் இனி இராது" என்றேன். மாஸ்டர் என்னைப் பார்க்காமல், மதிலோரம் ஆட்களோடு நின்ற இரண்டு மோட்டார் சைக்கிள்களையே பார்த்தார். என் கண்ணைச் சந்திக்க வெட்கப்படுகிறார் என்று எண்ணினேன். கடவுளே, அப்படித்தான் எண்ணினேன்.

நிரோசினி எழுந்தாள். மாஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தயங்கித் தயங்கிக் கோட்டருகே போனாள். நடுவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கழுத்தில என்ன? சங்கிலியோட விளையாட ஏலா, கழட்டு" என்றார். விதிப் புத்தகத்தில் அந்த இடத்தை நானே அடிக்கோடிட்டிருந்தேன். ஆகவே விரைந்து போய், "விதி என்றால் விதி, பிள்ளை" என்று சொல்லி, அவளுடைய சட்டைக் கழுத்துக்குள் தெரிந்த கயிற்றை என் கையாலேயே வெளியே இழுத்தேன்.

மஞ்சட் கயிறு. அதன் நுனியில் பொன் தாலி.

வகுப்பில் யாப்பிலக்கணம் படிக்கும் பிள்ளையின் கழுத்தில் தாலி! பிடித்த கையை விடவும் எனக்குத் தோன்றவில்லை. நடுவர் ஊதலை வாயில் வைத்தபடி காத்து நின்றார். நிரோசினி என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, தாலியைச் சட்டைக்கு வெளியே நன்றாகத் தெரியும்படி விட்டுக்கொண்டு, என் காதருகில் சொன்னாள்: "கழட்டினா என்னைக் கொண்டு போயிடுவாங்க டீச்சர்." பிறகு ஆடாமலே வாங்குக்குத் திரும்பிப் போனாள்.

மாப்பிள்ளை

மறுநாள் பாலத்தைக் கடந்து கல்லடிக்குப் போனேன். தகரக் கூரை போட்ட தற்காலிக வீடுகளின் வரிசையில் ஐந்தாவது அவளுடையது. சிறுவயதுத் திருமணம் பற்றித் தாய்க்குச் சொல்ல வேண்டியவற்றைப் பாலத்திலேயே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். தாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவாறே, "மாப்பிள்ளை யார்?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளையா?" அவள் கையைச் சேலையில் துடைத்தாள். "அது என்ட தாலி டீச்சர். கட்டினவர் கடலோட போயிற்றார்."

பின்வரிசை வீடுகளிலிருந்து இரண்டு பிள்ளைகளைச் சண்டைக்கென்று கொண்டுபோய்விட்டார்களாம். கொண்டுபோனவர்கள் எந்தப் பக்கத்தவர் என்று அக்காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை. மணமான பெண்களை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு கதை இருந்தது. ஆளும் உயரம், ஓட்டமும் வேகம். அப்படிப்பட்ட பிள்ளையை நாலு பேர் பார்க்க ஓடவிடுவதா? ஆகவே தாய் மாஸ்டரிடம் போய், 'வாங்கிலேயே வைத்திருங்கள், பந்து விளையாட்டில்லாமல் அவள் இருக்க மாட்டாள்' என்று கையெடுத்துக் கேட்டிருக்கிறாள். அவரும் யாரிடமும் சொல்லாமல், மதிலுக்கு வெளியிலிருந்தும் எங்கள் அறையிலிருந்தும் வந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் ஒழுங்குபடுத்தி வைத்தவற்றில் ஒரு வாக்கியமும் மிஞ்சவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கணவனை இழந்தவளின் தாலியைக் கன்னிப் பிள்ளையின் கழுத்தில் கட்டுவது அபசகுனமல்லவா என்று கேட்டுவிட்டேன். தாய் மீனைத் திரும்பக் கையில் எடுத்தாள்: "இதுக்கு மேல என்ன டீச்சர் வரக் கிடக்கு?"

காரணம்

யாரை எதற்காக ஆட்டத்தில் இறக்கவில்லை என்று ஒவ்வொரு போட்டிக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது நானே கொண்டுவந்த ஒழுங்கு. அந்தப் பத்தியில் நிரோசினியின் பெயருக்கு எதிரே 'முழங்கால் நோவு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த போட்டிக்கும் அதுவே. அவள் பாடசாலையை விட்டுப் போகும்வரை மூன்று ஆண்டுகள் அந்த முழங்கால் ஆறவில்லை.

மதிலுக்கு வெளியே வசவு மட்டும் ஆள் மாறியது. மாஸ்டரை விட்டுவிட்டு, வாங்கில் பதிவேட்டுடன் இருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் வேறொரு பிள்ளையின் தாய், எனக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்திலிருந்தவளிடம் உரத்துச் சொன்னாள்: "டீச்சருக்கு எரிச்சல் கா. கலியாணம் காணாத ஆக்கள், குமர்ப்பிள்ளையள் ஆடினாப் பொறுக்குமா?"

நாற்பது நிமிடம்

சண்டை முடிந்த ஆண்டின் கடைசியில், பழைய மாணவியருக்கும் பாடசாலைக் குழுவுக்கும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். தளத்துக்குப் புதுச் சீமெந்து பூசிவிட்டதால் கரிவட்டங்களைக் காணவில்லை. பட்டினத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்த நிரோசினி, லீவு கேட்டு வந்திருந்தாள். வயது இருபது. பயம் போன பின்னும் கயிறு கழுத்தில் இருந்தது, பழகிவிட்டது என்றாள். நடுவர் சொல்லுமுன் அவளே கழற்றினாள். தாலியைத் தரையில் வைக்க முடியாது. செருப்புகள் கிடந்த பைக்குள் போட மனமில்லை. என் கையில் தந்தாள். எனக்கோ புள்ளி எழுதக் கை வேண்டும். இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு என் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த ஜெயசீலன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ஆர் டீச்சர் மாப்பிள்ளை?" என்றார். எனக்கு விடை தெரியும்: கடலோடு போனவர். புள்ளித் தாளில் குனிந்துகொண்டேன்.

முதலாவது பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, பழைய கரிவட்டம் இருந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து போனது; வலை மட்டும் அசைந்தது. மதிலுக்கு வெளியே ஓட்டோக்காரர்கள் எழுப்பிய சத்தத்தில் நான் ஒரு புள்ளியைக் கூடுதலாக எழுதி வெட்டினேன். பதினொரு புள்ளிகள் எடுத்தாள். நான்கு ஆண்டுகள் ஓடாத கால்கள். மூன்றாம் கால்வாசியிலேயே மூச்சிரைக்க நொண்டி வந்து, வாங்கில் தன் பழைய இடத்தில் அமர்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்: "டீச்சர், இப்பதான் உண்மையாவே முழங்கால் நோகுது."

முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறர் எழுதிய பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்கிய நான், என் கையொப்பத்துடன் பதிவேட்டில் கிடக்கும் அந்த முழங்கால் நோவை மட்டும் திருத்தாமலே ஓய்வுபெற்றேன்.