ஆறாம் நம்பர் லென்ஸ்

அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டென்டாக இருக்கிறார் வைத்தியநாதன். வயது ஐம்பத்து நான்கு. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஃபைலில் ஒரு தேதி தப்பாக இருந்தால் மூன்று நாள் அதையே பேசிக்கொண்டிருப்பார். மற்றபடி நல்ல மனுஷர்தான். அவருக்கு இருந்த ஒரே வியாதி பொறாமை. அதுவும் ஊரார் மேல் இல்லை, கட்டிய மனைவி மேல்.

அது ஆரம்பித்தது அந்தமானில். எல்.டி.சி.யில், அதாவது சர்க்கார் செலவில் ஊர் சுற்றும் சலுகையில் போன இடத்தில், புருஷனும் பெண்டாட்டியும் முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் முங்கப் பழகினார்கள். நீர் புகாத பெட்டியில் போட்ட சின்ன காம்பாக்ட் கேமராவை வாங்கியவர் அவர்தான், தூக்கிக்கொண்டு அலைந்தவரும் அவர்தான். மூன்றாம் நாள் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து தடுமாறியபோது, ஒரு நிமிஷம் பிடி என்று ஜாடை காட்டி மனைவி சுலோசனாவிடம் கொடுத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் ஒரு கடல் நத்தையைப் படம் எடுத்துவிட்டாள்.

படம் அவர்கள் குடியிருக்கும் சால்ட் லேக் குவார்ட்டர்ஸின் துர்கா பூஜை மலரில் வந்தது. உள்பக்கம்தான். ஆனாலும் மீன் கடையில், பஸ் ஸ்டாப்பில், எங்கே பார்த்தாலும் வங்காளிகள் அக்காவுக்குச் சேர்க்கும் 'தி'யைச் சேர்த்து "சுலோசனாதி, சுலோசனாதி" என்றார்கள். அவரை சுலோசனாதியின் வீட்டுக்காரர் என்று அறிமுகப்படுத்தினார்கள். வைத்தியநாதனுக்கு வயிறு எரிந்தது. வெளியே சிரித்தார்.

அடுத்த வருஷ மலரின் அட்டைக்குக் கடல் படம் போடலாம் என்று மேக்னா சொன்னாள். மலரைத் தொகுக்கிறவள், கீழ் வீட்டுக்காரி. அன்றைக்கே வைத்தியநாதன் முடிவு செய்துவிட்டார், அட்டை தன்னுடையது என்று.

அதற்கு லென்ஸ் வேண்டும். கேமராப் பெட்டியின் முகப்பில், தண்ணீருக்குள்ளேயே திருகிப் பொருத்தவும் கழற்றவும் முடிகிற தனி லென்ஸ். அது இருந்தால் நகக்கண் அளவு ஜந்துகூடப் படத்தில் பெரிதாக வரும். எதை வாங்குவது என்று அந்தமானில் முங்கச் சொல்லிக்கொடுத்த சாய் கிருஷ்ணாவுக்கு போன் போட்டார்.

"நம்பர் ஏற ஏற பெருசாத் தெரியும், ஆனா கிட்டப் போயாகணும் சார். பதினஞ்சுன்னா நாலு விரக்கடையில நிக்கணும். கூச்சப்படுற மீனு உள்ள ஓடிரும். ஆறுன்னா முக்கா சாண் தள்ளி நின்னே எடுக்கலாம். பெருசாத் தெரியுறதவிட மீனு நிக்கிறதுதான் முக்கியம்."

எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். மனசில் நின்றது என்னவோ ஆறும் பதினைந்தும்தான். மத்திய அரசு ஊழியருக்குச் சம்பளப் பட்டியலில் லெவல் ஆறுக்கும் லெவல் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறில் குமாஸ்தாக்களை மேய்க்கிறவர்கள் இருப்பார்கள். பதினைந்தில் இருப்பவர் வந்தால் லிஃப்ட் காத்திருக்கும். முப்பது வருஷம் உழைத்து வைத்தியநாதன் வந்து நிற்பது எட்டில்.

தனக்குப் பதினைந்து வாங்கினார். அவளுக்கு ஒன்றும் வாங்காவிட்டால் எண்ணம் வெளியே தெரிந்துவிடும். அதனால் ஓர் ஆறாம் நம்பரையும் இன்னொரு கேமராவையும் வாங்கி, கல்யாண நாளன்று வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"ஏன்னா, எனக்கே எனக்கா?" என்றாள் சுலோசனா. கண் கலங்கிவிட்டது.

"உனக்கு இது போறும்," என்றார். அதில் இருந்த விஷம் அவருக்கு மட்டும் தெரிந்தது.

மார்ச்சில் மறுபடி அந்தமான். பவளப்பாறைத் துளையிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு மீன் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முட்டைக் கண், தலையில் ரெண்டு கொம்பு மாதிரி மயிர். இதுதான் அட்டை என்று வைத்தியநாதன் நெருங்கினார். நாலு விரற்கடைக்குப் போகும் முன்பே மீன் உள்ளே போய்விட்டது. காத்திருந்தார். வந்தது. நெருங்கினார். போய்விட்டது. எட்டு தரம் இப்படி ஆனது. ஒரே ஒரு தடவை மீன் நின்றபோது, அவர் மூச்சு விட்ட அசைவில் படத்தில் மீனின் கண் மங்கிப் போனது.

அவர் ஒதுங்கியதும் சுலோசனா முக்கால் சாண் தள்ளி நின்றாள். மீன் அவளை நிதானமாகப் பார்த்தது. நாலைந்து படம் எடுத்தாள், அவ்வளவுதான்.

பிறகு அவள் செய்ததுதான் அவரைக் கொன்றது. தன் லென்ஸைத் திருகிக் கழற்றி, நீங்கள் போட்டு எடுங்கள் என்று ஜாடை காட்டி அவரிடம் நீட்டினாள். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். எனக்கு ஒரு குறையுமில்லை என்பதற்குக் கடலுக்குள் அதுதான் சைகை.

இரண்டு பேரும் மேக்னாவுக்குப் படம் அனுப்பினார்கள். அவர் படத்தில் துளை மிகத் தெளிவாக இருந்தது. மீன்தான் இல்லை.

அஷ்டமியன்று பந்தலில் மலர் வெளியானது. அட்டையில் அந்த முட்டைக் கண். உள்ளே வங்காளி மொழியில் ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'லென்ஸைத் தேர்ந்தெடுத்துத் தந்த என் கணவருக்கு.' அவர் கைத்தட்டில் போக் கிச்சடி, பூஜைப் பிரசாதம், ஆறிக்கொண்டிருந்தது.

மேக்னா வந்தாள். அவளுக்கு அவர் 'தா', அண்ணா. "வைத்திதா, என் தம்பியும் அந்தமான் போறான். எந்த லென்ஸ் வாங்கட்டும்? உங்களைத்தான் கேக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஆறு," என்றார். அவள் போகாமல் நின்றதால், மீன் நிற்பதுதான் முக்கியம் என்று சாய் கிருஷ்ணா சொன்னதையும் ஒப்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. அவ்வளவும் ஞாபகத்தில் இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மேக்னா போனதும் சுலோசனா அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு இவ்வளவு யோசிச்சு வாங்கினேள். உங்களுக்குன்னு வரச்சே ஏன் தப்பா வாங்கிண்டேள்?"

அவர் ஆறிப்போன கிச்சடியை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"போறது, விடுங்கோ. அடுத்த கல்யாண நாளுக்கு உங்க லென்ஸை நான் வாங்கறேன்."

அவள் எந்த நம்பர் வாங்குவாள் என்று அவருக்குத் தெரியும். ஆறுதான் வாங்குவாள். தன் படத்தைவிட அவர் படம் நன்றாக வரவேண்டும் என்று நினைத்தே வாங்குவாள். அந்த மனசின் மேல்தான் வைத்தியநாதனுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொறாமையாக இருந்தது.