ஆடிக்குப் போன பெட்டி

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தவளை யாரும் அனுப்புவதில்லை. வேணியை அனுப்பினார்கள். அவள் சீராகக் கொண்டுபோன கம்ப்யூட்டர் பெட்டியையும் பழைய போர்வையில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான்.

வேணியின் அப்பா ஆவுடைநாயகம் கூட்டுறவு சொசைட்டியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்து வயல்களெல்லாம் இப்போது பேச்சில் மட்டும் விளையும் சைவக் குடும்பம். மற்ற சம்பந்திகள் ஸ்கூட்டர் கேட்ட காலத்தில், மாப்பிள்ளை குமரகுருபரனின் அம்மா அன்னத்தாய் கம்ப்யூட்டர் கேட்டாள். பெண் அதைப் படித்தவள். முன்னறையில் போட்டுவிட்டால் பெட்டியும் சம்பாதிக்கும், அவளும் சம்பாதிப்பாள். மகா கெட்டிக்காரி! ஆவுடைநாயகம் மெட்ராஸில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட 386 மெஷினைச் சொல்லிவைத்து வாங்கி, புதுசு என்றும் சொல்லாமல் பழசு என்றும் சொல்லாமல் சீர்த்தட்டுகளுக்கு நடுவே வைத்தார்.

வேணி அதில் பொழுது விடிந்தது முதல் அடைந்தது வரை தட்டினாள். காலேஜ் பிள்ளைகளின் ஆய்வேடுகள், வக்கீல்களின் மனுக்கள் என்று வேலைக்குக் குறைவில்லை. மெஷினுக்கு ஒரு கோளாறு இருந்தது. உள்ளே இருந்த பொடி பேட்டரி செத்துப்போனதால், தினமும் காலையில் தன் ஹார்ட் டிஸ்க் எது என்பதே அதற்கு மறந்துபோகும். 980, 10, 17 என்று உரிய கட்டங்களில் அடித்து ஞாபகப்படுத்தினால்தான் கண் திறக்கும். அந்த வித்தை வேணிக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனார் சித்ரலேகா ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். கறுப்புத் திரையைக் கண்டு எரிச்சல்பட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்னத்தாய் மருமகளை ஏசாத நாளில்லை. ஆனால் ‘வீட்டை விட்டுப் போ’ என்று மட்டும் சொன்னதில்லை. மாமியார் மனசில் ஏதோ ஒரு மூலையில் தன்மேல் பிரியம் இருக்கிறது என்று வேணி நினைத்துக்கொண்டாள். இப்படியும் ஒரு மண்டு இருப்பாளா என்று கேட்காதீர்கள். இருந்தாள்.

தொண்ணூற்று ஏழில் தெருமுனையில் ஒரு புதுக்கடை வந்தது. அங்கே வண்ணத்திரை, மவுஸ், விண்டோஸ். காலேஜ் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். வேணிக்குக் குழந்தையும் உண்டாகவில்லை. அன்னத்தாய் இரண்டு குறையையும் ஒரே மூட்டையாகக் கட்டினாள்.

“சீர் சாமான் பழுதுன்னா குடுத்தவுகதான பாக்கணும்? ஆடியோட ஆடியா சரிபண்ணிக் கொண்டாரச் சொல்லு” என்றாள். குமரகுருபரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தைத் திருப்பினான்.

கல்லிடைக்குறிச்சி வீட்டில் வேணிக்கு ஒரு தங்கை இருந்தாள். மூத்தவள் வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்ற பேச்சு வாய்க்கால் தாண்டினால், இளையவளைப் பெண் பார்க்க ஒரு காக்காய் கூட வராது. அதனால் பெட்டியைச் சரிபண்ண வேண்டும், அது போகும்போது அதோடு வேணியும் போய்விட வேண்டும். அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

எதை மாற்றுவது என்பதில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஆவுடைநாயகம் வண்ணத்திரைதான் வாங்க வேண்டும் என்றார். உள்ளே போடுவது யார் கண்ணுக்குத் தெரியும், சம்பந்தி வீட்டில் பார்த்தால் தெரிகிற மாதிரி இருக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. உள்ளே சரக்கில்லாமல் வண்ணத்திரையை வைத்து என்ன செய்ய என்று வேணி கேட்டாள். தொழில் தெரிந்தவள் அல்லவா, அதில் மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்க வராது.

கடைசியில் மேலப்பாளையத்தில் அலி அஸ்கரிடம் போனார்கள். துபாயிலிருக்கும் அண்ணன் அனுப்பும் சாமான்களை வைத்து மெஷின் பழுதுபார்க்கிறவன் அவன். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். பேட்டரி கசிந்து போர்டில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. இரண்டு வழி சொன்னான். பாசி பிடித்த போர்டில் புது பேட்டரி நிற்காது, அதை இப்படியே விட்டு, கொஞ்சம் மெமரி மட்டும் கூட்டலாம். விண்டோஸ் ஏறும், பைய ஓடும், காலையில் நம்பர் அடிக்கிற பாடு அப்படியே இருக்கும். இல்லையென்றால் போர்டையே தூக்கிவிட்டுப் பென்டியம் போடலாம். மெமரி, பெரிய டிஸ்க், மவுஸ் எல்லாம் புதுசு. பெட்டியும் கீபோர்டும் திரையும் பழசே போதும்.

“பழைய போர்டுக்கு மெமரி வாங்கினா அது அதோட போச்சு அண்ணாச்சி, நாளைக்குப் புதுசுல உக்காராது” என்றவன், வேணியைப் பார்த்துச் சொன்னான்: “புது போர்டு டிஸ்க்கைத் தானாவே கண்டுபிடிச்சுக்கிடும், தங்கச்சி. நீ நம்பரெல்லாம் அடிக்க வேண்டாம். சின்னப்பிள்ள கூட ஓட்டிரலாம்.”

வேணிக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ சுருக்கென்றது. எதனால் என்று யோசிப்பதற்குள் அப்பா பேசிவிட்டார்.

“ஏளா, எதைப் போட்டா அவுக மனசு குளிரும்?”

“புது போர்டுதாம்ப்பா” என்றாள்.

ஆவுடைநாயகம் வீட்டுக்குப் போய், இளையவளுக்கென்று செய்துவைத்திருந்த வளையல்களை எடுத்துக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறினார். தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆவணி பிறந்தது. ஆடிக்கு வந்த பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வர வேண்டும், வரவில்லை. கடுதாசியும் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். நல்ல நாள் பார்த்து அப்பாவும் மகளும் தாங்களாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டார்கள். அழையாமல் போகிற வெட்கத்தை மறைக்க ஆவுடைநாயகம் வழி நெடுக ஆற்றில் வெள்ளம் வந்ததைப் பற்றியே பேசினார்.

அன்னத்தாய் வாசலில் நின்று முதலில் பெட்டியைத்தான் உள்ளே வாங்கினாள். வேணி அங்கேயே இருந்த பழைய திரையோடு வயர்களை மாட்டி பட்டனை அழுத்தினாள். திரையில் மேகமும் வானமும் வந்து நின்றன. யாரும் எந்த நம்பரும் அடிக்கவில்லை.

“சித்ரலேகா, நீ உக்காரு. மைனிகிட்ட எப்படின்னு கேட்டுக்கோ” என்றாள் அன்னத்தாய்.

வேணிக்கு ஒரே சந்தோஷம். நாத்தனார் தன் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள், எழுத்தைப் பெரிசாக்க, சேமிக்க, அச்சடிக்க எல்லாம் பொறுமையாகச் சொன்னாள். தப்பு வந்தால் எப்படித் திரும்புவது என்பதைக்கூட விடவில்லை. காபி வந்தது, ஆறியது. சித்ரலேகா யார் உதவியும் இல்லாமல் ஒரு மனுவை அடித்து எடுத்துக் காட்டினாள். வேணி கைதட்டினாள். ஐயோ, கைதட்டினாள்!

அன்னத்தாய் அந்தத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆவுடைநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

“சாமானை நல்லாச் சரிபண்ணிக் குடுத்துட்டிய அண்ணாச்சி. குறை சொல்ல முடியாது. இவளையும் எங்கயாவது காட்டிச் சரிபண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க. அவசரமில்ல.”

ஆவுடைநாயகம் எழுந்து நின்றார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேணி புருஷனைப் பார்த்தாள். அவன் திரையில் ஓடும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டில் இருவரும் நிற்கும்போது குமரகுருபரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவது தெரிந்தது. சட்டையெல்லாம் வேர்வை. ஆவுடைநாயகம் மகளின் முதுகைத் தொட்டு முன்னே தள்ளிவிட்டார். வேணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆயிரம் சொன்னாலும் தாலி கட்டினவன், ஓடி வந்துவிட்டான் என்று நினைத்தாள்.

அவன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி கேட்டான்.

“பாஸ்வேர்டு ஏதும் போட்டிருக்கியா?”

வேணி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். தொழில் தெரிந்தவளுக்கு அது பெரிய காரியமா?

“ஒண்ணும் போடல” என்றாள், பாவி மகள்.