சோற்று டப்பாவோடு ஓடிய பந்தயம்

எங்கள் நெசவு மில்லில் வருடாவருடம் ஓட்டப்பந்தயம் நடக்கும். மில் வாசலில் கிளம்பி, கடற்கரைச் சாலையைச் சுற்றி, வாசலுக்கே திரும்ப வேண்டும். முதல் மூன்று பேருக்கு மில் அணியில் இடம். எழுபதுகளின் கடைசியில் அந்த மூவரில் ஒருவனாகிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. ஆனால் பந்தயத்தன்று கோட்டில் போய் நின்றால் கால் நட்டுவைத்த கம்பம்.

பக்கத்துத் தறிக்காரன் வேறு ரகம். நாங்கள் குடியிருந்த கதிர்காமத்திலிருந்து மில்லுக்கு இருவரும் தினமும் ஓடியே போவோம். அவனுக்கு ஓட்டம் பிடிக்கும். எனக்கு சைக்கிள் இல்லை. கையில் சோற்று டப்பா, வாயில் ஊர்க்கதை. பெரிய மார்க்கெட்டுக்குக் கூடை சுமந்து போகிறவர்களிடம் ஓடிக்கொண்டே நலம் விசாரிப்பான். மழை பெய்தால் இன்னும் குஷி. ஜெயிப்பதற்காக அவன் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடுகிற ருசிக்கு முதலிடம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் பொறாமைதான், கும்பிடத் தோன்றுகிற பொறாமை.

அந்த வருடமும் கோட்டில் நின்று மற்றவர்களின் தொடைகளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். மரத்தடிக்குப் போய், மதியத்துக்கு நான் கொண்டுவந்திருந்த டப்பாவை எடுத்துவந்து என் கையில் திணித்தான்.

“இத்த புடி மச்சான். பந்தயத்த உடு. ஷிப்ட்டுக்கு லேட்டாயிடுச்சின்னு நெனச்சிக்க. நேத்து பாதியில உட்டியே உன் மாமியா கத, அத்த சொல்லிக்கினே வா.”

கூட்டம் சிரித்தது. சாம்பாரா ரசமா என்று ஒருவர் கேட்டார். ஆனால் டப்பாவின் கனம் கையில் ஏறியதும் காலுக்குத் தன் வேலை ஞாபகம் வந்துவிட்டது. பாதி தூரம் கதை சொன்னேன். கதை முடிந்ததும் அவன் முன்னே போய்விட்டான்; நான் மூடி குலுங்குகிற தாளத்துக்கு ஓடினேன். யார் முன்னால், யார் பின்னால் என்று பார்க்கத் தோன்றவில்லை. கடற்காற்று முகத்தில் அடித்தது. எத்தனை பந்தயம் ஓடிய சாலை, அங்கே காற்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, கைதட்டியவர்களையும் தாண்டி, நேராக உள்ளே ஓடினேன். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் வழிவிட்டார். தறி ஓரத்து ஆணியில் டப்பாவை மாட்டிய பிறகுதான் மில்லே சத்தமில்லாமல் கிடப்பது உறைத்தது. அன்று விடுமுறை.

கதவருகில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மூணாவதா வந்துட்டு இங்க யாருக்குடா நெய்யற? வெளிய வா, பேரு கேக்கறாங்க.”