ஆட்காட்டிக்கு நட்ட கொடி

கனகராயன்குளம் ஊருக்கு உள்ளே, குளக்கரையில் ஒரு விடுதி இருக்கிறது. காசுள்ளவர்கள் வந்து வள்ளம் வலிப்பார்கள். பிறகு புல்வெளியில் நின்று சின்ன வெள்ளைப் பந்தைக் கம்பால் அடிப்பார்கள். அடித்துவிட்டு அதன் பின்னாலேயே நடப்பார்கள். நானும் என் மச்சாளும் விடியற்காலையில் அந்தப் புல்லில் களை பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் அவர்களின் விளையாட்டை நாங்கள் ஒழுங்காகப் பார்த்ததேயில்லை.

அன்றைக்குக் குளத்திலிருந்து பனிப்புகார் எழும்பிப் புல்லின் மேல் படுத்திருந்தது. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே நிலம் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மேகத்துக்குள் குந்தியிருந்து களை பிடுங்குவதுபோல இருந்தது. அப்போது கைக்கடியில் நாலு முட்டைகள். ஆட்காட்டி இட்டவை. தாய்க்குருவி தள்ளி நின்று என்னைத் திட்டித் தீர்த்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் புல்லு வெட்டும் மெசின் வரும். வயலில் என்றால் கூட்டுக்குப் பக்கத்தில் தடி நட்டுத் துணி கட்டிவிடுவோம். வெட்டுகிறவர் சுற்றிப் போவார். இங்கே கூட்டித் துடைத்த நிலத்தில் தடிக்கு எங்கே போக? சற்றுத் தள்ளி ஒரு குழிக்குள் சிவப்புக் கொடியொன்று அழகுக்கு நின்றது. துணியும் கட்டியே இருந்தது. பிடுங்கி வந்து முட்டைக்குப் பக்கத்தில் நட்டேன்.

"எடியேய், வேலை போகப்போகுது" என்றாள் மச்சாள்.

"போனா உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போவன்."

மெசின் வந்தது. கொடியைக் கண்டு, நல்ல பிள்ளையாகச் சுற்றிப் போனது. நான் மச்சாளைப் பார்த்து மூக்கை நிமிர்த்தினேன்.

நிமிர்த்திய மூக்கு இறங்கவில்லை, 'தொப்'பென்று பக்கத்தில் ஒரு பந்து விழுந்தது. புகாருக்குள் ஒரு வெள்ளைத் தொப்பியும் பெரிய வயிறும் தெரிந்தன. அன்றைக்கென்று ஒருவர் வெள்ளென எழும்பிவிட்டார். அடுத்த பந்து இன்னும் கிட்ட விழுந்தது. ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக் கத்திப் பறந்தது.

"உன்ர கொடியைப் பாத்துத்தானடி அடிக்கிறார்!" என்றாள் மச்சாள்.

ஓடிப்போய் முட்டைகளுக்கு முன்னால் கால் அகட்டி நின்றேன்.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ! பந்து படும்!"

"எனக்குப் பட்டா வீங்கும், ஐயா. இதில பட்டா உடைஞ்சுபோகும். ஒருக்கா வந்து பாருங்கோ!"

வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நாலு முட்டைகளையும் பார்த்தார்.

"கொடி எப்பிடியம்மா இஞ்ச வந்தது?"

"காலாற நடந்து வந்தது, ஐயா."

மச்சாளுக்கு இருமல் வந்தது.

"அப்ப நான் இதைத் திருப்பிக் குழியில வைச்சா?"

"மெசின் பிறகும் வரும்."

அவர் தன் பையிலிருந்து ஒரு கம்பை உருவி, கொடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தலைகீழாகக் குத்தினார்.

"இது எனக்கு ஒருநாளும் சரியா அடிச்சதில்லை. இஞ்சயே நிக்கட்டும்."

என் தலைத்துண்டை அவிழ்த்து அதில் கட்டினேன். "இனி இதைப் பாத்து அடிச்சுப்போடாதேங்கோ."

"ஓம், அம்மா."

கொடியைக் கொண்டுபோய்க் குழியில் வைத்தார். திரும்ப நடந்துபோய் ஓங்கி அடித்தார். பந்து புகாருக்குள் ஏறி மறைந்தது. எங்கேயோ குளம் 'குளுக்' என்றது. மச்சாள் தலையைக் குனிந்து களை பிடுங்கினாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஆட்காட்டி மஞ்சள் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தது. கம்பைச் சுற்றி ஒரு நடை நடந்தது. என் தலைத்துண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முட்டைகளின் மேல் மெல்ல அமர்ந்தது.