பெண் பார்க்க வந்தவர்கள் நடுவே ஒரு மடக்குக் கத்தி

என் பேண்ட்டின் வலது பையில் தினமும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். இன்றைக்கு எது என்பதைக் காலையில் குளித்துவிட்டு வந்ததும் முடிவு செய்வேன். அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பிடியிலும் நூலால் ஒரு சிறு அட்டைத்துண்டு கட்டியிருப்பேன். வாங்கிய மாதம், வருடம், ஊர் அதில் இருக்கும். எருமைக்கொம்புப் பிடி போட்டது பெரியபாளையத்தில் ஆடிமாதக் கூட்டத்தில், வேப்பிலை விற்பவர்களுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது. மரப்பிடி போட்டதை எங்கள் கம்பெனியில் வேலை செய்த ஒடிசாக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்தார்.

கத்தி என்றதும் பலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ இதைவிட அடக்கமான பொருள் எதுவும் தோன்றவில்லை. இறகைச் சீவிப் பேனா செய்வதற்காகப் பிறந்ததால்தான் இந்த வகைக்குப் பேனாக்கத்தி என்றும் பெயர் வந்தது. விரித்த அலகை நிறுத்தப் பூட்டு கிடையாது. முதுகில் ஒரு எஃகுப் பட்டை, அதன் இழுவிசை, அவ்வளவுதான். நல்ல கத்தியை மடக்கினால் கடைசி விரற்கடையில் அது தானாகவே உள்ளே போகும். அப்போது வரும் 'டக்' என்ற சத்தத்தில் செய்தவரின் கைத்திறம் முழுவதும் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளையும் பிளாஸ்டிக் பட்டைகளையும் அறுக்க வேண்டும். அங்கே கத்திக்கு ஒரு சட்டம் உண்டு. விரித்த கத்தியை மேஜையில் வைத்தால் குற்றம். பிடியை எதிராளி பக்கம் நீட்டி, "பிடிச்சிட்டியா?" என்று கேட்டு, "பிடிச்சிட்டேன்" என்று அவர் சொன்ன பிறகே விட வேண்டும். பாதுகாப்பு வகுப்பில் சொன்னது, கையிலேயே ஊறிவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சட்டம் நேர் எதிரானது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி காய் நறுக்கும் கத்தியைக்கூட அப்படித்தான் தருவாள். கம்பெனியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல்தான் இருந்தேன். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழப்பிவிட்டேன்.

அன்று என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையன் அவளோடு வேலை செய்பவன். இருவரும் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். ஊத்துக்கோட்டைக்கு அப்பால் அவர்களுக்கு நெல் வயல்கள் உண்டு. என் அப்பா காலம்வரை நாங்கள் அப்படிப்பட்ட வயல்களில் கூலிக்குப் போனவர்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் வீட்டில் போராடித்தான் பையன் அவர்களை அழைத்து வந்திருந்தான். அவனுக்கு அம்மா இல்லை. அப்பாவும், அந்த வீட்டில் எதையும் முடிவு செய்கிற அப்பாவின் அக்காவும் வந்திருந்தார்கள்.

கொண்டுவந்த இனிப்புப் பெட்டியின் நைலான் கயிறு அவிழவில்லை. பையனின் அப்பா நகத்தால் முயன்றார், பிறகு பல்லுக்குப் போனார்.

"இன்னாடா இது, சபையில பல்லால கடிச்சுக்கினு கீற?" என்றார் அக்கா.

"எவன் கட்னானோக்கா, முடிச்சு மேல முடிச்சு போட்டுகீறான்."

என் கை பைக்குள் போனதும், கத்தி விரிந்ததும், பிடி அவர் பக்கம் நீண்டதும் எனக்கே தெரியாமல் நடந்தன. அவர் வாங்கினார். "பிடிச்சிட்டீங்களா?" என்று வேறு கேட்டேன்.

"புடிச்சிட்டேன் சார்."

அக்காவின் காபி டம்ளர் பாதியில் நின்றது. "நல்லது பேச வந்த எடத்துல கத்தியக் கைக்குக் கை குடுக்கறாங்க. புடிச்சிட்டியான்னு கேள்வி வேற. இன்னும் சம்மந்தியே ஆவல, அதுக்குள்ள சண்டைக்கு நாள் குறிச்சாச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற மகள் என்னைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடுகிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, கம்பெனி பழக்கம்" என்றேன்.

பையனின் அப்பா இது எதையும் கேட்கவில்லை. கயிற்றை அறுத்துவிட்டுக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார்.

"அக்கா, இந்தச் சத்தத்தக் கேளேன்."

"சத்தம் கேக்கவா பஸ் புடிச்சு வந்தோம்?"

அவர் இடுப்பு பெல்ட்டின் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். தீட்டித் தீட்டிப் பாதி அகலமாகிவிட்ட அலகு, வெடித்த பிடியைச் சுற்றிச் செம்புக் கம்பி. அதை விரித்து, பிடியை என் பக்கம் நீட்டினார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"அக்காவ ஏன் பாக்கறீங்க?" என்றார் அவர். "புடிங்க சார். நாளைக்கு சண்டையே வந்தாலும் ரெண்டு பேர் கையிலயும் கத்தி கீது, எவனும் கிட்ட வரமாட்டான். புடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சிட்டேன்" என்றேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த நிலையிலும் என் புத்தி போகவில்லை. எப்போது வாங்கியது என்று கேட்டேன்.

"ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கினு தண்ணி போச்சே, அந்த வருசம்."

"அதுக்கு மின்னாடி வருசம்" என்றார் அக்கா. "உன் பொண்டாட்டிதான் சந்தையில வாங்கியாந்தா."

அவர் தலையாட்டினார். அப்படிப்பட்ட கத்தியையா தயங்காமல் நீட்டினார் என்று நினைத்தபோது, என் டப்பாவிலிருந்த அத்தனையும் சிறுத்துப்போயின. திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன். "இருக்கட்டும் சார், என்னுத இன்னொரு நாள் வாங்கிக்கறேன்" என்று என் கத்தியைத் தன் பெல்ட்டில் செருகிக்கொண்டார்.

வாசலில் செருப்பைப் போடும்போது அக்கா, "ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்றார். ஆமாம் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

"அப்பா, எல்லாரையும் மாதிரி ஒரு பேனா வெச்சுக்கினு சுத்தக் கூடாதா?" என்றாள் மகள்.

அவருடைய கத்தியை என் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அதற்கு அட்டை கட்டவில்லை. அடுத்த ஞாயிறும் போனது, சொல்லி அனுப்பவில்லை. மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

புரட்டாசி பிறந்த பிறகு அவர் போன் செய்தார்.

"சார், உங்க கத்திய அக்கா எடுத்து வெச்சுக்கிச்சு. நான் கையில குடுக்கல, கீழதான் வெச்சேன். தெனம் அதுலதான் கொய்யாப்பழம் அறுக்குது. அறுக்கறதவிட மடக்கறதுதான் ஜாஸ்தி. சார் ஊட்டுக்குத் திருப்பிக் குடுக்கணும்னு கேட்டா, தை மாசம் போறப்ப நானே குடுத்துக்கறேன், உன் வேலையப் பாருங்குது."

"தை மாசம் எதுக்கு?" என்றேன், காதில் சரியாக விழுந்தும்.

"பூ வெக்கத்தான் சார்! வேற இன்னாத்துக்கு?"

மகளைக் கூப்பிட்டேன். போனை அவள் கையில் கொடுத்தேன்.