கவிழ்த்துப் போட்ட மஞ்சள் கிரேட்

எங்கள் கம்பெனியில் எல்லா மேசையிலும் சிவப்புப் பட்டன் இருக்கிறதே, ஏன் ஒருவரும் அதை அமுக்குவதில்லை? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. திருமலையின் கதையைக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

திருமலைக்குச் சொந்த ஊர் பேரிகை. ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பெட்டி தூக்கச் சேர்ந்து, அதட்டுகிற சூப்பர்வைசரிடம் கைகட்டி நின்று, கடைசியில் அந்தப் பதவிக்கே வந்தவர். வேலையைக் கற்றாரோ இல்லையோ, அதட்டலைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டார்.

ஒயர் நுனியில் கிளிப் சரியாக உட்காரவில்லை என்றால் பட்டனை அமுக்க வேண்டும். விளக்கு எரியும், லைன், அதாவது மேசை வரிசை மொத்தமும், வேலை நிற்கும். ஆனால் அமுக்கியவர் மறுநாள் காலைக் கூட்டத்தில், சாமான் போடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டியான கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நிற்க வேண்டும்.

"லைன நிறுத்துன மகாராணிக்கு எல்லாரும் கை தட்டுங்க!" என்பார் திருமலை. இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த மூளையை வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம்.

மாதேஸ்வரி ஒருமுறை ஏறி நின்றாள். இறங்கியதும் முதல் வேலையாக, ஒயர் சுற்றுகிற டேப்பை எடுத்துப் பட்டனை மூடி ஒட்டினாள். மற்ற மேசைக்காரர்களும் ஒட்டிக்கொண்டார்கள். விளக்கே எரியாத லைன் என்று திருமலை மீசையை நீவிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள், வண்டிக் கம்பெனிக்கு அனுப்பிய லோடு திரும்பி வந்தது. கிளிப் எல்லாம் லூஸ்.

"இன்னொரு தடவ இப்பிடி வந்துச்சுன்னா, மறுபடியும் ஸ்டோருக்குப் போயி பெட்டி தூக்கு," என்றார் மேனேஜர்.

திருமலை மறுநாள் கூட்டத்தில் கத்தினார்: "இனிமே பயப்படாம அமுக்கணும்! எவளாச்சும் அமுக்காம விட்டீங்க, தொலச்சிருவேன்!"

பயத்தைப் போக்க எப்பேர்ப்பட்ட வழி! ஒருவரும் டேப்பைப் பிரிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மாதேஸ்வரியின் மேசைக்குப் போனார். "லூசுன்னு தெரிஞ்சும் ஏம்மா விட்டே?"

"கிளிப்பு போனா கம்பெனிக்கு நஷ்டம் சார். கிரேட்டு மேல ஏறுனா என் மானம்ல போவுது?"

அவருக்கு, தான் பெட்டி தூக்கிய காலத்தில் பழைய சூப்பர்வைசர் தன்னைத் தோப்புக்கரணம் போட வைத்ததும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. இவ்வளவு தாமதமாக!

மறுநாள் அவரே கிரேட்டில் ஏறினார். "தப்பு என்னுது. இனிமே யாரும் இதுல ஏற வேண்டாம்."

யாரும் கை தட்டவில்லை. "எறங்குங்க சார், கிரேட் ஒடஞ்சிரப் போவுது," என்றாள் பக்கத்து மேசை கவிப்ரியா. எல்லோரும் சிரித்தார்கள். 'ஏய்' என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு இறங்கினார். கிரேட்டை நிமிர்த்தி, கழிவுத் துண்டுகள் போட மாதேஸ்வரியின் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு பட்டனிலும் இருந்த டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

மதியம் மாதேஸ்வரியின் விளக்கு எரிந்தது. லைன் நின்றது. எல்லோருடைய கண்ணும் திருமலையின் வாயில். "எவ..." என்று திறந்த வாய் அப்படியே மூடியது.

"என்னம்மா ஆச்சு? நான் என்ன செய்யணும்?"

"புது பாக்கெட் பூராவும் லூசு சார். வேற வேணும்."

அவரே ஓடிப்போய் எடுத்து வந்தார். அந்த லோடு திரும்பி வரவில்லை. கிளிப் எடுக்கப் போவதைத் தவிர அவரும் ஸ்டோருக்குத் திரும்பவில்லை.

இதற்காக அவருக்கு மாலை எதுவும் போட வேண்டாம். 'என்ன ஆச்சு' என்று கேட்கவே இத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட மனிதர். உங்கள் லைனிலும் ஒரு திருமலை கத்திக்கொண்டிருப்பார். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சுற்றிச் சுற்றி அவர் காதுக்கும் போய்ச் சேரட்டும்.