கஸ்தூரி எழுதிய ஒரே கதை

கஸ்தூரி இறந்த செய்தி மாலை வரை கம்பெனி லாக்கருக்குள், என் போனில் கிடந்தது. வேலை நடக்கும் லைனுக்குள் போன் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால், வேலையை விட்டுப் போன நீங்கள் எல்லோரும் குரூப்பில் இரங்கல் சொல்லி முடித்திருந்தீர்கள். நான் கம்பெனி பஸ்ஸில் ஏறி, நானும் அவளும் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தேன். குன்றத்தூர் வரை பேச ஆளில்லை.

பதினோரு வருடம் அவள் என் பக்கத்துச் சீட்டு. ஒருமுறை சண்டை போட்டுக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தேன். "இன்னாடி, வந்து குந்து. கோவமா இருந்தாலும் ஜன்னல் உனுக்குத்தான்" என்று பஸ்ஸே கேட்கும்படி கத்தினாள். போய் உட்கார்ந்தேன்.

மகளிர் தினத்துக்குக் கம்பெனிப் பத்திரிகையில் அவள் எழுதிய கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஏழு வயதுச் சிறுமி தண்ணீர்த் தொட்டி மேல் நின்று அம்மாவைப் பார்க்கிறாள். புருஷனை இழந்த அம்மா முதல்நாள் வேலைக்குக் கிளம்புகிறாள். "போனா புள்ளைய மறந்துடு" என்று சொந்தக்காரர்கள் மறிக்கிறார்கள். கதையில் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டாள். சிறுமிக்குத் தெரிவது அவளுடைய முதுகும் பின்னலும் சாப்பாட்டுப் பையும்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா பஸ் ஏறுகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று சிறுமி பெருமைப்படுவதோடு கதை முடியும்.

பரிசு கொடுத்த அதிகாரி, "அடுத்த வருஷம் உங்க அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பஸ்ஸில் கஸ்தூரி சிரித்தாள். "எங்கம்மா செம்பரம்பாக்கம் ஏரியக்கூடத் தாண்டுனதில்ல. மேடையேறி இன்னா பண்ணுவாங்க?"

கதையில் வரும் அம்மா கஸ்தூரியேதான். சிறுமி அவள் மகள் பவித்ரா. மண்ணூரில் அவள் ஏறிய அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். புருஷன் வீட்டார் சொன்னபடியே பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். ஏன் மகள் சொல்வதுபோல எழுதினாய் என்று கேட்டேன். "அவ என்ன அப்படிப் பாத்திருந்தா எப்டி இருக்கும்னு எழுதிப் பாத்தேன். நேர்ல கேக்கத் தெம்பு இல்லடி."

சாவுக்கு பவித்ரா வந்திருந்தாள். பதினெட்டு வயது. யாரோ போல ஓரமாக நின்றாள். கதை வந்த பத்திரிகையைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"நான் தொட்டி மேல இல்ல ஆன்ட்டி. அன்னிக்கு அத்தை என்ன உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. உங்கம்மா உன்ன வுட்டுட்டு ஓடிட்டான்னு சொன்னாங்க."

 அன்று பஸ்ஸில் நான் பார்த்ததைச் சொன்னேன். பஸ் ஏறியவள் என் பக்கத்தில் விழுந்த மாதிரி உட்கார்ந்தாள். உடம்பு உதறியது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை அழுதாள். "இறங்குறியாம்மா?" என்று டிரைவர் இரண்டு தடவை கேட்டார். "வேணாண்ணா, என் பொண்ணு படிக்கணும்" என்றாள்.

"என் பேரச் சொன்னாங்களா?"

"அன்னிக்கும் சொன்னா. அப்புறம் தெனமும் சொன்னா."

பவித்ரா என் தோளில் முகம் வைத்து அழுதாள். போகும்போது பத்திரிகையைக் கேட்டாள். என்னிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான். கொடுத்துவிட்டேன்.

கதை மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கதையில் இல்லாத முகம் என்னிடம் இருக்கிறது. பயந்து, நடுங்கி, ஆனாலும் இறங்காமல் உட்கார்ந்திருந்த முகம்.